ஆலுவாவில் ஏறாதவளுக்கு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செல்வப்பிரியாவுக்கு,

உன் அண்ணன் பெண்டாட்டி என்ற முறையில் உன் நங்கையும், உன் புருஷனோடு கூடப்பிறந்த அக்காளுமான கமலாத்தாள் எழுதுவது. இத்தனை உறவு இருந்தும் உன்னோடு ஒரு போன் பேச முடியவில்லை. அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். போனை அப்படியே அடிக்க விட்டுவிடலாம். கடிதத்தைக் கிழிக்கவாவது கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் நாலு வரி கண்ணில் படும் என்று ஒரு நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உன்னை வீட்டுக்குக் கூப்பிடும் கடிதம் இல்லை. ஆகவே உட்கார்ந்து நிதானமாகப் படி. அந்த ஏலத்தோட்டத்துக் குளிரில் உன் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது? டின்சி டீச்சர் வீட்டில் உன்னை நல்லபடியாக வைத்துக்கொள்கிறார்களா? அவர்களுடைய ஹோம்ஸ்டேயில் தங்க வருகிறவர்களுக்கு மூன்று வேளையும் நீதான் சமைக்கிறாய் என்று கோகுல் சொன்னான். போடிமெட்டு ஏறி சாந்தன்பாறைக்கு வருகிற மதுரைக்காரர்கள் உன் கொள்ளுப் பருப்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களாம். இங்கே முப்பது வருஷம் அதைச் சாப்பிட்ட என் தம்பி நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவனைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவனைப் பற்றி மட்டுமில்லை, உன் அண்ணனைப் பற்றியும். இரண்டு பேரையும் ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டு ஏற்பாடு செய்தார்கள். ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் உன் அண்ணன் எனக்கும் என் தம்பி உனக்கும் தாலி கட்டி முப்பது வருஷம் ஆகிறது என்று என் மகன் கோகுலும் உன் மகள் மௌனிகாவும் சேர்ந்து தூத்துக்குடி வண்டியில் நான்கு பெர்த் போட்டார்கள். இறங்கித் திருச்செந்தூர் போய் கடலில் குளித்து முருகனைப் பார்த்துவிட்டு வர வேண்டும். நாங்கள் மூன்று பேரும் பாலக்காட்டில் ஏறுவது, நீ மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி ஆலுவாவில் ஏறிக்கொள்வது. கோகுல் உன்னைக் கூப்பிட்டபோது நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாயாம்: "உங்க மாமன் கூப்படச் சொன்னாரா, நீங்களாக் கூப்படறீங்களா?" அந்தப் பயலுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நாங்களாத்தான் அத்தை" என்றிருக்கிறான். நீ பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாய். அந்தப் பார்க்கலாமை நம்பி இந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேள்.

அதற்கு முன்னால், உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கோபம் ஆறாது. நீ மௌனிகாவைக் கோயமுத்தூர்க் கல்லூரி விடுதியில் சேர்த்தது என் தம்பிக்குப் பிடிக்கவில்லை. சரி. "இனி உங்கூடப் பேச என்ன இருக்குது" என்று ஒரு வார்த்தை சொன்னான். அதுவும் சரி, கோபத்தில் யாரும் சொல்வது. ஆனால் அதை இரண்டு வருஷம் காப்பாற்றினான் பார், அதை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது? ஹாலில் உட்கார்ந்துகொண்டு கோயமுத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "தோசை போதும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்பானாம். அவள் அங்கிருந்து சமையலறையில் இருக்கும் உனக்குப் போன் போட்டு, "அம்மா, அப்பாவுக்குத் தோசை போதுமாம்" என்பாளாம். நடுவில் ஒரு சுவர். பரீட்சைக்கு நடுவில்கூட அந்தப் பிள்ளை மோட்டார் நிறுத்தவும் தேங்காய்க்காரனை வரச்சொல்லவும் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீயும் அவளிடமே பதில் சொல்லி அனுப்பினாய். "சோறு ஆறிப்போச்சுன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லு" என்று. கடைசியில் மௌனிகா போனை எடுப்பதையே நிறுத்தினாள். வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அதற்கு அடுத்த வாரம் நீ பையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிட்டாய். நான் உன் இடத்தில் இருந்திருந்தால் இரண்டு வருஷம் இருந்திருக்க மாட்டேன், இரண்டாம் நாளே தோசைக்கரண்டியால் பேச வைத்திருப்பேன்.

நீ போன பிறகு முத்தாத்தாள் அத்தை வேறு கிளம்பினாள். உன் அப்பாவின் தங்கை என்ற ஒரே தகுதியில் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாரியம்மன் நோம்பிக்குள் நீ திரும்பி வந்தாக வேண்டுமாம். வராவிட்டால் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த முறைப்படி என்னையும் என் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். எனக்கு வயது ஐம்பத்தாறு. என் பிறந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறது? என் தம்பி இருக்கிறான், தீய்ந்த தோசையைத் தானே சுட்டுத் தானே தின்றுகொண்டு. நான் அங்கே போய் என்ன செய்வேன், அவனுக்கு மாவு ஆட்டுவதா? கேட்டு முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. உன் அண்ணன் சிரிக்காமல் விட்டத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

சரி, ரயிலுக்கு வருகிறேன். உன் அண்ணனுக்கு ரயில் என்றால் திருடன் என்று மட்டும்தான் அர்த்தம். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு கட்டுகிற மாதிரி ஒரு சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்திருந்தார். பாலக்காடு ஜங்ஷனில் ஏறியதும் ஏறாததுமாய், கீழே குனிந்து எல்லாப் பைகளையும் ஒன்றோடொன்று கோத்து சீட்டுக் காலோடு கட்டிப் பூட்டினார். எதிர் சீட்டில் குழந்தையோடு இருந்த பெண் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டாள். தக்காளிச்சோற்றுப் பொட்டலம் உள்ளே போய்விட்டது, எடுத்துக் கொடுங்கள் என்றேன். "இப்பத்தானே பூட்டுனேன், திரிச்சூர் தாண்டட்டும்" என்றார். நாலு பேருக்குக் கட்டிய சோறு, உனக்கும் சேர்த்துத்தான்.

என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? மீசைக்கு மை அடித்துக்கொண்டு வந்திருந்தான். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கறுப்பாக இருந்ததில்லை. சட்டை இஸ்திரி போட்டது. உனக்கென்று தனியாக ஒரு பை, அதை மட்டும் பூட்டக் கொடுக்காமல் மடியில் வைத்திருந்தான். என்னடா இது என்று பிரித்துப் பார்த்தால், உன் மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலை, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பச்சை ரவிக்கை, உன் மூக்கடைப்புத் தைலம், ஒரு போர்வை. கோயிலுக்கு உடுத்தச் சேலை வேண்டுமே என்று எடுத்து வைத்தானாம். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது. இதையெல்லாம் அலமாரியிலிருந்து தேடி எடுக்கத் தெரிந்தவனுக்கு, அந்த மலைக்கு ஒரு போன் போட்டு வா என்று சொல்ல விரல் வரவில்லை.

ஆலுவா வருவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து போய்க் கதவருகில் நின்றுகொண்டான். வண்டி நின்றது. கூட்டம் ஏறியது. அவன் கீழே இறங்கி, முன்னும் பின்னும் பார்த்து, வண்டி நகர்ந்த பிறகு ஓடி ஏறினான். உன் அண்ணன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "பஸ்ஸு லேட்டாயிருக்கும்" என்றார், யாரும் கேட்காமலே. நீ வரமாட்டாய் என்று எனக்குப் பாலக்காட்டிலேயே தெரியும். கூப்பிடாத இடத்துக்கு நீ எதற்கு வர வேண்டும்?

டி.டி.ஆர். வந்தார். பட்டியலைப் பார்த்துக் காளிச்சாமி, கமலாத்தாள், ஆனந்தகுமார் என்று படித்துவிட்டு, செல்வப்பிரியா எங்கே என்றார். உன் புருஷன் சட்டென்று, "என்ற ஊட்டுக்காரிங்க சார், எர்ணாகுளத்துல ஏறுவாங்க" என்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எர்ணாகுளம் வந்தது, போனது. டி.டி.ஆர். மறுபடி வந்தார். இவன், "கோட்டயத்துல ஏறுவாங்க சார், மலைல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு சுத்தி வருதுங்க" என்றான். மழையே இல்லாத மாதத்தில் மண் சரிந்ததாம். அந்த மனிதர் மலையாளி, இதையெல்லாம் எத்தனை பார்த்திருப்பார். "கோட்டயத்து கேறியில்லெங்கில் ஞான் வேறெ ஆள்க்கு கொடுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார், கோட்டயத்தில் ஏறாவிட்டால் உன் பெர்த் வேறு ஆளுக்கு. இரண்டு வருஷமாக வீட்டில் வாய் திறக்காதவன், முன்பின் தெரியாத டி.டி.ஆரிடம் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். அதுவும் உனக்காக. நீ இல்லாத இடத்தில்.

உன் பெர்த் லோயர். அதில் அந்தப் போர்வையை விரித்து, தைலப் புட்டியை ஓரமாக வைத்து, யாரையும் உட்கார விடாமல் தானே எதிரில் நின்றுகொண்டு வந்தான். எனக்கு எரிச்சலில் காது சூடேறிவிட்டது. நான்தான் உன் அண்ணனைப் பிடித்து, போன் போடுங்கள் என்றேன். அவர் நம்பரிலிருந்து வந்தால் மட்டும் நீ எடுப்பாய் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் போனில் நடந்தது உனக்குத் தெரியும். நீ பாதியில் வைத்துவிட்டாய். வைத்த பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது, அதற்குத்தான் இந்தக் கடிதமே.

வண்டிச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "அம்மிணி, எங்க சாமி இருக்கற?" என்றார். "டீச்சர் ஊட்லதானுங்கண்ணா இருக்கறேன். நான் வர்லீங்க" என்று நீ சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அழுகிற குரல் இல்லை, வேலை நடுவில் பேசுகிற குரல். அப்போதுதான் அந்த மகராசன் உன் அண்ணனின் தோளைத் தொட்டு, "மச்சான், சாப்ட்டாளான்னு கேளுங்க" என்றான். போன் அவன் மூக்குக்கு நேரே இருந்தது. நீ அதற்குள்ளே இருந்தாய். அவன் உன் அண்ணனைக் கேட்கச் சொல்கிறான்!

நீ வைத்தது சரி பிரியா. நானாயிருந்தால் போனை ஏலக்காட்டில் விட்டெறிந்திருப்பேன்.

நான் அங்கேயே எழுந்துவிட்டேன். எதிரில் குழந்தைக்காரி, பக்கவாட்டில் இரண்டு காலேஜ் பையன்கள், யாரையும் பார்க்கவில்லை. "ஏன்டா, உனக்குச் சாமி வாய எதுக்குடா குடுத்தான்? தோசை திங்கவா? சாப்ட்டியான்னு நீயே கேட்டா நாக்கு அறுந்து உழுந்துருமா?" என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து நான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், எனக்கு உரிமை இருக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாங் கேட்டு, அவ பதில் சொல்லாமப் போயிட்டா என்னக்கா பண்றது?" என்றான். ஐம்பத்தொரு வயது ஆண்பிள்ளை. அவ்வளவு நாளும் அது வீம்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீம்பு போன வருஷமே தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, அதற்குப் பிறகு வெறும் பயம். அதைத் தெரிந்துகொண்டு எனக்குக் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

அதோடு உன் அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். "போச்சாது உடு கமலா, வண்டில வெச்சு எதுக்கு" என்றார். வந்ததே எனக்குக் கோபம். நீங்கள் அவளுக்கு அண்ணன்தானே, இரண்டு வருஷமாக உங்கள் தங்கை சுவரோடு குடும்பம் நடத்தினாளே, ஒரு நாள் வந்து என் தம்பியின் சட்டையைப் பிடித்து ஏன் என்று கேட்டீர்களா என்றேன். அவர் குனிந்து சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உன்ற தம்பிய நான் ஒரு வார்த்தை சொன்னா, நீ ஊட்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அதக் கேட்டு அவன் அங்க அவகிட்ட எகிறுவான். அதுக்கோசரந்தான் சும்மா இருந்தேன்" என்றார்.

பார்த்தாயா இந்தக் கணக்கை? அவர் எனக்குப் பயந்து உனக்காகப் பேசவில்லை. நீ யாருக்காகப் பயந்தாய் என்று எனக்கு மௌனிகா சொல்லித்தான் தெரியும். மலைக்குக் கிளம்பிய அன்று நீ அவளிடம், "நான் போறதால நங்கைய ஒண்ணும் பண்ணீராதீங்கன்னு எங்கண்ணன்கிட்டச் சொல்லி வெய்யி" என்றாயாம். இரண்டு வருஷம் நீ அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்ததே, நீ கிளம்பினால் என்னைக் கிளப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தானாம். அந்தப் பிள்ளை என்னிடம் இதைச் சொல்லி அழுதது. நான் அழவில்லை. எனக்கு வாய்க்கு வந்தபடி யாரையாவது திட்ட வேண்டும்போல் இருந்தது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு ரயிலில் இரண்டு பேரும் வசமாக மாட்டினார்கள். கோட்டயம் வரை திட்டினேன்.

கோட்டயத்தில் ரோசி என்று ஒரு பெண் ஏறினாள். முண்டக்கயத்துக்காரி, தென்காசியில் ஆஸ்பத்திரி நர்ஸ். விடிந்தால் டியூட்டியாம். பெர்த் கிடைக்காமல் பக்கவாட்டு சீட்டில் இன்னொருவரோடு பாதி இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். டி.டி.ஆர். வந்தார். நான் இவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது எந்த ஊரைச் சொல்லப்போகிறான், கொல்லமா, புனலூரா என்று. அவன் அந்தப் போர்வையை எடுத்து மடித்தான். தைலப் புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அவங்க வரமாட்டாங்க சார். இந்தம்மாவுக்குக் குடுத்துருங்க" என்றான். அந்த ரோசி படுத்த உடனே தூங்கிவிட்டாள். இவன் அதற்குப் பிறகு தன் பெர்த்தில் ஏறவே இல்லை, என் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

கொல்லம் வருவதற்குள் என்னிடம் பேசினான். உன்னைப் பற்றி. நீ கிளம்பிய பிறகு வீட்டில் என்ன என்ன செய்தான், எதைத் தொட்டபோது என்ன நினைத்தான், எதற்காக உன்னிடம் வெட்கப்படுகிறான், எல்லாம். என் தம்பிக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கே தெரியாது. நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன், எனக்கே அது ஆச்சரியம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் அவகிட்டச் சொல்லிப்போடுக்கா" என்றான்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு எழுத்துகூடச் சொல்ல மாட்டேன். நீ இப்போது இந்த இடத்தில் நிறுத்தி, அவன் என்னதான் சொன்னான் என்று என்னைச் சபிப்பாய். சபித்துக்கொள். மௌனிகாவை வைத்துச் சொன்னான், உன் அண்ணனை வைத்துக் கேட்டான், இப்போது என்னை வைத்து அழுகிறானா? எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதினால் இரண்டு வருஷமாக உன்னைக் கொன்ற அதே வேலையை நானும் செய்ததாக ஆகும். அவன் வாய், அவன் நாக்கு, அவனே வந்து சொல்லட்டும்.

மீதிக் கதையையும் கேள். தூத்துக்குடியில் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் உள்ளே. ஏன்? உன் அண்ணன் பூட்டுச் சாவியைப் பத்திரமாக ஒரு பையின் சைடு ஜிப்பில் வைத்திருந்தார். அந்த ஜிப்பின் மேலேயே சங்கிலி போய்க்கொண்டிருந்தது. இழுத்தால் ஜிப் திறக்கவில்லை, ஜிப் திறந்தால்தான் சாவி. துடைப்பத்தோடு வந்த ஆள் சிரித்துக்கொண்டே ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பச் சொன்னார். பை கிழிந்தது. தக்காளிச்சோறும் அதற்குள்ளேயே இருந்தது, ராத்திரி முழுக்க யாரும் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாண நாள் காலையில் மூன்று பேரும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து ஊசிப்போன சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டோம்.

ஆனாலும் திருச்செந்தூரில் ஒன்று நடந்தது. அதை எழுதலாம், அது உன் அண்ணன் சம்பந்தப்பட்டது, அவரே உனக்கு எழுதச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். கடலில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றார், ஒரு காதில் தண்ணீர் போய்த் தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிக்கொண்டே என் தம்பியைப் பார்த்து, "மாப்ளே, என்ற தங்கச்சி வந்தா வரட்டும். வராட்டி என்ற ஊட்ல அவளுக்கு ஒரு ரூமு இருக்குது, கடைசி வரைக்கும் இருக்கும். இதுக்கும் கமலாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. நோம்பியில உக்காந்து பேசறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல" என்றார். நான் முப்பது வருஷமாக அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன், இப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. காதில் தண்ணீர் போனதால் வந்ததோ என்னவோ. ஊருக்கு வந்து முத்தாத்தாள் அத்தையிடமும் போய் அப்படியே சொல்லிவிட்டார். அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

என் தம்பி தினமும் வந்து, "எழுதிட்டியாக்கா?" என்கிறான். எழுதுகிறேன், உனக்காக இல்லை என்கிறேன். சாந்தன்பாறைக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று மௌனிகாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறான். "அம்மாவையே கேளுங்கப்பா" என்று அவள் வைத்துவிட்டாள். நல்ல பிள்ளை, யார் வளர்த்தது! பிறகு தானே பஸ் ஸ்டாண்டில் போய் விசாரித்திருக்கிறான். உடுமலை, மறையூர், மூணாறு, பூப்பாறை என்று என்னிடம் வந்து பாடம் ஒப்பிக்கிறான். வியாழக்கிழமை கிளம்புகிறானாம். போன வாரத்திலும் ஒரு வியாழக்கிழமை இருந்தது. அன்றைக்குத் தேங்காய் பறிக்க ஆள் வந்துவிட்டார்கள் என்றான். இந்த வியாழன் என்ன சாக்கு சொல்வான் என்று பார்க்கிறேன். கிளம்புவானா மாட்டானா என்று நான் உனக்கு உறுதி சொல்ல மாட்டேன், அந்தப் பொறுப்பையும் நான் ஏற்கவில்லை.

ஒரு வேளை வந்தால், இதை மட்டும் செய். அவன் வாசலில் நின்று டின்சி டீச்சரைப் பார்த்து, "அவ எப்படி இருக்கறா?" என்று கேட்டால், நீ உள்ளேயிருந்து பதில் சொல்லாதே, டீச்சரையும் சொல்ல விடாதே. கதவைச் சாத்திவிடு, குளிரில் நிற்கட்டும். உன் முகத்தைப் பார்த்து, உன் பெயரைச் சொல்லி, உன்னிடமே பேசினால், கேள். கேட்ட பிறகு உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய். வருவதானாலும் சரி, போகச் சொல்வதானாலும் சரி. அந்த மலையிலேயே இருந்து ஊரார்க்கெல்லாம் கொள்ளுப் பருப்பு ஆக்கிப் போடுவதானாலும் சரி.

எனக்காக மட்டும் வராதே பிரியா. எனக்கு ஒன்றும் ஆகாது. என்னை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது, அனுப்ப வந்தால் நான் போகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியாதா? என்னை நினைத்துப் பயந்துகொண்டு நீ அந்த வீட்டில் தின்ற ஒவ்வொரு வாய்ச் சோறும் இப்போது என் நெஞ்சில் நிற்கிறது. இனி ஒரு வாய்கூட அப்படித் தின்ன வேண்டாம்.

இங்கே என் வீட்டுக்கு உனக்கு எப்போது தோன்றினாலும் வா. தங்கையாக, நாத்தனாராக, தம்பி பெண்டாட்டியாக என்று எந்த முறையும் வைத்து வர வேண்டாம். பசிக்கிறது என்று வா, போதும். மாரியாத்தா உனக்கு நல்ல வழி காட்டட்டும். உடம்பைப் பார்த்துக்கொள் சாமி. தைலம் அவன் சட்டைப் பையில்தான் இன்னும் இருக்கிறது. வந்து கொடுத்தால் வாங்கிக்கொள். வராவிட்டால் சொல், நான் வேறு வாங்கி அனுப்புகிறேன்.

உன் நங்கை,
கமலாத்தாள்.